12 நாள் கன்றுக்குச் சோயா பவுடர் கொடுக்கலாமா?

கேள்வி: கொடுங்கையூரில் மூன்று கலப்பின மாடுகள் வைத்து, வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறேன். 12 நாள் கிடேரிக் கன்றுக்குப் பால் விட்டால் கட்டுப்படியாகவில்லை. நாலு நாளாகச் சோயா கலந்த பவுடரைக் கரைத்து, கொஞ்சம் வெல்லமும் போட்டுக் கொடுக்கிறேன். கழிச்சல் நிற்கவில்லை. வேறு பவுடர் மாற்றிப் பார்க்கலாமா?

பதில்: அம்மா, முதலில் வெல்லத்தை நிறுத்துங்கள். சர்க்கரை, வெல்லத்தை உடைக்கும் நொதி கன்றின் குடலில் கிடையாது. செரிக்காத இனிப்பு தண்ணீரை இழுத்துக் கழிச்சலைக் கூட்டும்.

பவுடரையும் இப்போதைக்குக் கட்டி வையுங்கள். பால் கன்றின் நான்காம் இரைப்பையில் தயிர்போல உறைந்து, மெதுவாகச் செரிக்கும். சோயா புரதம் அப்படி உறையாது. அதிலுள்ள சில புரதங்கள் பிஞ்சுக் குடலுக்கு ஒவ்வாமையும் தரும். மூன்று வாரம் முடியும்வரை பாலே கொடுங்கள். 30 கிலோ கன்றென்றால் நாளுக்கு 3 லிட்டர், இரண்டு மூன்று வேளையாக, கறந்த சூட்டில். வியாபாரத்தில் அந்த 3 லிட்டர் பெரிய தொகைதான், தெரியும். ஆனால் நாளைக்கு உங்கள் தொழுவத்தில் கறக்கப்போகிற மாடு இது.

இன்றைக்கே ஒன்று பாருங்கள். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே சமமாகாமல் மடிப்பாகவே நின்றாலோ, கண் குழி விழுந்திருந்தாலோ, கன்று எழ மறுத்தாலோ, காத்திருக்காதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். சுறுசுறுப்பாக இருந்தால், பால் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஓஆர்எஸ் கரைசல் கொடுங்கள். பாலில் கலக்க வேண்டாம், பால் உறைவது கெடும். சாணத்தில் ரத்தம் தெரிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் மருத்துவர்தான்.

கழிச்சல் நின்று, மூன்று வாரமும் தாண்டிய பிறகு பவுடருக்கு வரலாம். வாங்கும்போது மூட்டையில் நார்ச்சத்து எவ்வளவு என்று படியுங்கள். அது கூடக்கூடத் தாவரப் பொருள் அதிகம் என்று அர்த்தம். பால் பவுடர், வே பவுடர் (பாலைத் திரித்த பிறகு மிஞ்சும் நீரைக் காயவைத்த தூள்) முதலில் எழுதியிருப்பதை எடுங்கள். ஒரு பங்கு பவுடருக்கு ஏழெட்டுப் பங்கு வெதுவெதுப்பான தண்ணீர். ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாலைக் குறையுங்கள். வீட்டில் பச்சைச் சோயாவை அரைத்துக் கரைத்துக் கொடுப்பதும் உண்டு. அது வேண்டவே வேண்டாம்.

செலவைக் குறைக்க நல்ல வழி கன்றுத் தீவனம்தான். கழிச்சல் நின்றதும் ஒரு கைப்பிடி வாயருகே வையுங்கள், பக்கத்தில் சுத்தமான தண்ணீரும் இருக்கட்டும். நாளுக்கு ஒரு கிலோ அளவுக்குத் தின்னத் தொடங்கினால் பாலை நிறுத்திவிடலாம்.