பழைய வீட்டுக்குப் பணம் ஒதுக்குமுன்

தம்பி, பெருந்துறையிலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், 1890களில் கட்டிய வரிசை வீடு ஒன்றை விலை பேசியிருப்பதாகவும், அதைப் புதுப்பிக்க எவ்வளவு ஒதுக்க வேண்டும், சமையலறை அலமாரிகளை எங்கே வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சமையலறை வேலையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதல் கேள்வியைப் படித்ததும், 2004இல் இதே ஊரில் இதே போன்றதொரு வீட்டின் ஓதம் ஏறிய சுவருக்கு முன்னால் கைக்குழந்தையோடு நாங்கள் நின்றது நினைவுக்கு வந்தது.

அந்தக் காலத்துச் சுவர் ஒன்பது அங்குலக் கனத்தில், நடுவே இடைவெளி இல்லாமல், சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டது. உறிஞ்சிய ஈரத்தை அந்தக் காரை வழியாகவே வெளியே விட்டு உலர்ந்துகொள்ளும். எங்களுக்கு முன்னிருந்தவர் அதன்மேல் ஈரத்தை வெளியே விடாத சிமெண்டைப் பூசியிருந்தார். ஓதத்துக்குச் சுவருக்குள் மருந்து செலுத்தினால் போதும் என்று ஒரு நிறுவனத்தார் சொன்னதை நம்பி 2,000 பவுண்டு கொடுத்தோம். அடுத்த குளிர்காலத்திலேயே கறை திரும்ப வந்தது. உண்மையான காரணங்கள் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் உடைசலும், வெளியே சுவரின் ஓதத்தடுப்பு வரிசைக்கு (தரை ஈரம் மேலேறாமல் சுவரடியில் வைக்கும் தடுப்பு அடுக்கு) மேலே உயர்ந்துவிட்ட காங்கிரீட் நடைபாதையுமே. இரண்டையும் சரிசெய்து, சிமெண்டைக் கொத்தியெடுத்துவிட்டு, சுண்ணாம்பு பூசக் கற்றுக்கொண்டு நானே பூசினேன். இன்றுவரை அந்தச் சுவர் உலர்ந்தே இருக்கிறது. கோபியில் எங்கள் அப்பாருடைய தொட்டிக்கட்டு வீட்டுக்குக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பைத்தான் பூசியிருந்தார்கள். சித்திரை வெயிலிலும் குளிர்ந்து கிடந்த அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து வளர்ந்தவன் நான். சிமெண்டு பூசிய சுவரைக் கண்டவுடனே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆகவே, வாங்குமுன் மூன்றாம் நிலைக் கட்டட ஆய்வுக்கு (Level 3 survey, வீட்டின் நிலையை மிக விரிவாகப் பார்க்கும் ஆய்வு) செலவழியுங்கள். ஒப்பந்தக்காரர் சொல்லும் தொகையில் மதிப்புக்கூட்டு வரி அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என் காலத்தில் 17.5 சதவீதமாக இருந்தது இப்போது 20. வீடு தொடர்ந்து இரண்டாண்டுகளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்ததாகச் சான்று காட்ட முடிந்தால், பெரும்பாலான வேலைகளுக்கு 5 சதவீத வரியே வரும். இதை விசாரிக்காமல் பலர் பணத்தை இழக்கிறார்கள். மொத்த மதிப்பீட்டுக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே வைத்து, கூரை, ஓதம், மின்கம்பி, ஈயக்குழாய் ஆகியவை முடியும்வரை அதைத் தொடாதீர்கள்.

ரசீது இல்லாமல் ரொக்கத்தில் முடித்துவிட்டதாக நம் ஊர்க்காரர்கள் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். விற்கும்போது வழக்கறிஞர் மின்வேலைச் சான்றையும் கட்டடப் பணி நிறைவுச் சான்றையும் கேட்பார், அப்போது அலைவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆய்வறிக்கை வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.