வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் எம்.லிப். படிக்கலாமா?

கேள்வி: பி.லிப். (நூலக அறிவியல் இளநிலை) முடித்துவிட்டுத் தனியார் பள்ளி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். இரண்டும் சின்னப் பிள்ளைகள், வெளியூர் போய்ப் படிக்க வழியில்லை. ஆன்லைனில் எம்.லிப். (நூலக அறிவியல் முதுநிலை) படித்தால் அந்தப் பட்டம் செல்லுமா? உண்மையிலேயே ஏதாவது கற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: செல்லும். கற்றுக்கொள்ளவும் முடியும். ஆனால் அதில் பாதியை நீங்களாகத்தான் வெளியே போய்த் தேடிக்கொள்ள வேண்டும்.

நானும் உங்களைப் போலத்தான் சேர்ந்தேன். ஊர் மயிலாடுதுறை. பி.எஸ்சி. கணிதம், அப்புறம் பி.லிப்., பிறகு ஒரு தனியார் கல்லூரியில் நூலக உதவியாளர் வேலை. மகள் யு.கே.ஜி.-யில் சேர்ந்த வருடம் எம்.லிப். தொடங்கினேன். பி.லிப். இருப்பதால் எனக்கு ஒரு வருடப் படிப்பு; உங்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

முதலில் பட்டம் செல்லுமா என்பது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, அனுமதி பெற்ற நிறுவனம் ஆன்லைனில் கொடுக்கும் பட்டமும் நேரில் படித்து வாங்கும் பட்டமும் சமம். இங்கே கவனிக்க வேண்டியது அந்த அனுமதியைத்தான். பல்கலைக்கழகத்துக்கு நல்ல பெயர் இருக்கிறது என்பது மட்டும் போதாது. நீங்கள் சேரும் படிப்புக்கு, நீங்கள் சேரும் பருவத்துக்கு அனுமதி இருக்க வேண்டும். சில படிப்புக்குத் தொலைநிலையில் நடத்த அனுமதி இருக்கும், ஆன்லைனுக்கு இருக்காது. மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன்னால் அதை நீங்களே திறந்து பாருங்கள். என் தோழி ஒருத்தி, "எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்று சொன்ன ஒரு இடைத்தரகரை நம்பி முழுக் கட்டணத்தையும் கட்டினாள். ஒரு வருடம் கழித்துத்தான் அந்தப் படிப்புக்கு அனுமதியே இல்லை என்று தெரிந்தது. அவள் அழுததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

சரி, கற்றுக்கொள்வது. காணொலிப் பாடம், படிக்கப் பாடக்குறிப்பு, சுயமதிப்பீட்டு வினாக்கள், விவாதப் பகுதி என்று நான்கும் இருக்கும். நூலக நிர்வாகம், ஆய்வுமுறை, தகவல் மீட்பு போன்ற தாள்களுக்கு இவை தாராளமாகப் போதும். விடிகாலை நாலரை முதல் ஆறு வரை உட்கார்ந்து இவற்றை முடித்தேன். பகுப்பாக்கமும் (பொருள்வாரியாகப் புத்தகத்துக்கு எண் போடுவது) அட்டவணையாக்கமும் (புத்தக விவரங்களைப் பட்டியலில் பதிவது) தான் திரையில் பார்த்தால் கைக்கு வராது.

பத்துப் புத்தகங்களுக்கு டூயி எண் (எந்தப் பொருள், எந்த அலமாரி என்று காட்டும் தசம எண்) போட்டு அனுப்பச் சொல்லி ஓர் அசைன்மென்ட். காணொலியில் காட்டியது எல்லாமே ஆங்கிலப் புத்தகங்கள். நான் எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போய்த் தமிழ்ப் புத்தகங்களாக எடுத்தேன். நாவல், கவிதை எல்லாம் தமிழ் இலக்கியத்துக்கான 894.811-க்குள் அடங்கிவிட்டன. (நம் இலக்கியம் முழுவதையும் மூன்று தசமத் தானம் தள்ளித்தான் டூயி வைத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகவே இருந்தது.) எங்கள் ஊர் மயூரநாதர் கோயில் தலவரலாற்றில் வந்து மாட்டிக்கொண்டேன். இந்து சமயம் என்று 294.5-ல் வைப்பதா, கோயில் கட்டடக்கலை என்று 726-லா, தமிழ்நாட்டு வரலாறு என்று 954.82-லா? மூன்றுக்கும் நியாயம் இருக்கிறது.

நூலகர் அய்யா ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. புத்தகத்தை வாங்கிப் பின்பக்கத் தேதித் தாளைத் திருப்பிக் காட்டினார். "முத்திரையைப் பாரும்மா. எல்லாம் ஐப்பசி மாசம். கடைமுழுக்குக்கு வர்றவங்கதான் இதை எடுத்துட்டுப் போறாங்க. அவங்க எந்த அலமாரிக்கு நேராப் போவாங்க?" என்றார். (ஐப்பசிக் கடைசி நாளில் எங்கள் ஊர்க் காவிரியில் நீராடுவதுதான் கடைமுழுக்கு.) சமய அலமாரிக்குத்தான். 294.5 என்று எழுதினேன். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்ற நூலக அறிவியல் விதியை அதற்கு முன்னால் எத்தனையோ தேர்வில் எழுதியிருக்கிறேன். அது புரிந்தது அந்தத் தேதித் தாளைப் பார்த்தபோதுதான். அந்த விதியை 1931-இல் எழுதிய, இந்திய நூலக அறிவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தது பக்கத்துச் சீர்காழியில். அவரும் கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். கணிதம் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்த எனக்கு அது பெரிய தெம்பு.

அதனால் சேர்ந்த முதல் வாரமே உங்கள் ஊர்க் கிளை நூலகருக்கு வணக்கம் சொல்லி, சனிக்கிழமை இரண்டு மணி நேரம் கூட இருந்து வேலை பழகலாமா என்று கேளுங்கள். உங்கள் பள்ளி நூலகமே கையில் இருப்பது இன்னும் நல்லது.

அங்கே கோஹாவை நிறுவிப் பாருங்கள். நூலகப் பட்டியலையும் இரவலையும் கவனிக்க நியூசிலாந்தில் உருவான கட்டற்ற மென்பொருள், மாவோரி மொழியில் 'கோஹா' என்றால் அன்பளிப்பு. பழைய மடிக்கணினியில் உபுண்டு இயங்குதளம் போட்டால் போதும். நான் எங்கள் கல்லூரிப் பட்டியலை ஏற்றியபோது தமிழ்த் தலைப்புகள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாக வந்து நின்றன. முன்னால் இருந்தவர்கள் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார்கள். யூனிகோடுக்கு மாற்றவே இரண்டு மாதம் ஆனது. அப்புறம் பெயர்கள். 'கே. முருகேசன்', 'முருகேசன் கே', 'முருகேசன், கே.' என்று ஒரே ஆசிரியர் மூன்று ஆளாக இருந்தார். ஒரு பெயரில் தேடினால் மற்ற இரண்டில் உள்ள புத்தகங்கள் வரவே இல்லை. அலமாரியில் புத்தகம் இருக்கும்போதே மாணவரிடம் இல்லை என்று சொல்லியிருக்கிறோமே என்று நினைத்து அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. ஆசிரியர் பெயரை ஒரே வடிவத்தில் பராமரிப்பது பற்றிய பாடத்தை அதற்குப் பிறகு மறுபடி எடுத்து வரி வரியாகப் படித்தேன். என் செயல்திட்ட அறிக்கையையும் அதிலேயே எழுதினேன்.

வேலை விஷயம்: பட்டம் மட்டும் இருந்தால் கல்லூரி நூலகர் பணி கிடைக்காது. முதுகலையில் 55 விழுக்காடும், நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் கேட்பார்கள். நெட்டில் முதல் தாள் 50 கேள்வி, நம் பாடத்தாள் 100 கேள்வி, இரண்டையும் சேர்த்து 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எம்.லிப். பாடமும் நெட் பாடமும் நிறைய இடத்தில் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்தே படித்துவிடுங்கள்.

வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தேர்வு நடக்கும் வாரம் சமையலும் பிள்ளைகளும் யார் பொறுப்பு என்று காலண்டரில் எழுதியே மாட்டுங்கள். நான் மாட்டினேன், என் மாமியார்தான் அந்த வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டார்கள்.

பாமினியிலிருந்து மாற்றும்போது எந்த எழுத்துகள் தகராறு செய்யும் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். கோஹா போட்டதும் இங்கேயே கேளுங்கள், அனுப்புகிறேன்.