ஆங்கிலத்திலும் அரபியிலும் பெயர்ச்சொற்கள் எப்படி உருவாகின்றன?
ஆள், இடம், பொருளைக் குறிப்பது பெயர்ச்சொல். ஆங்கிலம் பெரும்பாலும் சொல்லின் கடைசியில் ஒட்டுகிறது: 'டீச்' உடன் 'அர்' சேர்ந்தால் 'டீச்சர்'.

அரபியில் வேர் என்பது மெய்யொலிகள் மட்டுமே, பெரும்பாலும் மூன்று. க்-த்-ப் என்றால் எழுதுதல். இடையில் உயிரொலிகள் புகுந்தால் கிதாப் (புத்தகம்), காத்திப் (எழுதுபவர்). முன்னே 'ம'வும் வந்தால் மக்தப் (அலுவலகம்). ஒரே மாவை வெவ்வேறு முறுக்கு அச்சில் பிழிவதைப் போல. அச்சுக்கே பொருள் இருப்பதுதான் அழகு! 'ம' அச்சு பெரும்பாலும் இடத்தைச் சுட்டும். சிரம் பணியும் இடம் மஸ்ஜித். சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியை மலாயில் 'மக்தாப் ரெண்டா' என்கிறோமே, அந்த மக்தாபும் இதே வேர்தான்.

அரபியில் பின்னொட்டே கிடையாது என்று நினைக்கத் தோன்றலாம். அப்படியல்ல, ஆசிரியர் 'முஅல்லிம்', ஆசிரியை 'முஅல்லிமா'.