இருக்கை இல்லை என்று நிறுத்திவிட்டார்கள், பணம் கிடைக்குமா?

கேள்வி: ஒரு மாதம் முன்பே முழுப் பணம் கட்டி டிக்கெட் எடுத்தேன். ஆன்லைனில் செக்-இன் செய்தபோது இருக்கை எண் வரவில்லை, கேட்டில் தருவோம் என்று இருந்தது. நேரத்துக்குப் போயும், விமானம் நிறைந்துவிட்டது என்று மறுநாளுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வவுச்சர் கொடுத்து, ஏதோ ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். எனக்கு விற்ற இடத்தை இன்னொருவருக்கும் விற்கலாமா? பணமாக எதுவும் கேட்க முடியுமா?

பதில்: விற்கலாம் என்பதுதான் கசப்பான உண்மை. பெரும்பாலான நாடுகளில் ஓவர்புக்கிங் குற்றமில்லை. டிக்கெட் எடுத்தவர்களில் சிலர் எப்படியும் வரமாட்டார்கள். அதைப் பழைய பயணங்களின் கணக்கை வைத்து ஊகித்து, 180 இருக்கைக்கு 185 டிக்கெட் விற்பார்கள். கணக்கு தப்பும் நாளில் உங்களைப் போல யாராவது மாட்டிக்கொள்வார்கள். சில நேரம் ஓவர்புக்கிங்கே இருக்காது. பெரிய விமானம் பழுதாகிச் சிறியது வந்திருக்கும், இல்லையென்றால் நிறுவனத்தின் ஆட்களையே ஏற்ற வேண்டியிருக்கும். 2017 ஏப்ரலில் சிகாகோவில் யுனைடெட் விமானத்திலிருந்து ஒரு மருத்துவரைத் தரதரவென்று இழுத்துப்போனது உலகமே பார்த்த காட்சி. அது நான்கு ஊழியர்களுக்கு இடம் ஒதுக்கத்தான்.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம். இதில் எல்லாமே ஒரு விஷயத்தைப் பொறுத்தது: நீங்களாக இடத்தை விட்டுக்கொடுத்தீர்களா, அவர்கள் உங்களை ஏற்ற மறுத்தார்களா? விட்டுக்கொடுத்தால் அது பேரம். பேசி முடித்ததுதான் கிடைக்கும், அதற்குமேல் சட்டத்தொகை கிடையாது. மறுக்கப்பட்டால் சட்டம் சொல்லும் இழப்பீடு உண்டு. கேட்டில் நீட்டப்படும் தாள் பல நேரம் முதல் வகை. "சம்மதத்துடன் விட்டுக்கொடுக்கிறேன்" என்று அதில் இருந்தால் ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்தது. அதனால் முதலில் அந்தத் தாளின் நகலைத் தேடி எடுங்கள்.

எங்கிருந்து கிளம்பினீர்கள் என்று எழுதவில்லை. அதுவும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விமான நிலையம் என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. அங்கே தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ. டிக்கெட் விலை என்ன என்பது கணக்கில் வராது. மாற்று விமானம் அதிகம் தாமதமில்லாமல் கொண்டுசேர்த்தால் பாதியாகக் குறைக்கலாம், மறுநாள் என்றால் அந்தச் சலுகை அவர்களுக்கு இல்லை. சாப்பாடும் இரவு தங்கும் ஹோட்டலும் தனி. வவுச்சராகத் தருவதற்கு உங்கள் கையெழுத்துள்ள சம்மதம் வேண்டும். உரிமைகளை எழுத்தில் தெரிவிப்பதும் அவர்கள் கடமை. அதைச் செய்யாததால் நீங்கள் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டிருந்தால், மீதியைக் கேட்டு நீதிமன்றம் போகலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதியிலேயே இருக்கிறது. உங்கள் விஷயத்தில் நான் முதலில் பிடிக்கும் நூல் இதுதான்.

இந்தியாவில் கிளம்பியிருந்தால் கணக்கு வேறு. ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானம் கொடுத்தால் ஒன்றுமில்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைப் போல் இருமடங்கு, உச்சம் 10,000 ரூபாய். அதையும் தாண்டினால் நான்கு மடங்கு, உச்சம் 20,000 ரூபாய். அமெரிக்காவிலும் தாமதத்தைப் பார்த்து ஒருவழிக் கட்டணத்தின் இருமடங்கோ நான்கு மடங்கோ, ஓர் உச்சவரம்புக்குள். வவுச்சர் வேண்டாம், பணமாகக் கொடுங்கள் என்று கேட்கும் உரிமையும் உண்டு.

போர்டிங் பாஸ், டிக்கெட், வந்த குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து, "எனக்கு ஏற மறுக்கப்பட்டது" என்ற அதே சொற்களோடு நிறுவனத்துக்கு எழுதுங்கள். "விமானம் தவறியது" என்று கைமறதியாகக்கூட எழுதிவிடாதீர்கள். பதில் வரும்வரை வவுச்சரைத் தொட வேண்டாம். பயன்படுத்தினால், ஏற்றுக்கொண்டார் என்று வாதாடுவார்கள்.

அடுத்த முறைக்கு: இருக்கை எண் இல்லாத போர்டிங் பாஸ் ஓர் எச்சரிக்கை மணி. செக்-இன் திறந்தவுடனே செய்யுங்கள். கடைசியில் வருபவர்கள், மலிவான டிக்கெட்காரர்கள், அடிக்கடி பறக்கும் உறுப்பினர் அட்டை இல்லாதவர்கள் ஆகியோரைத்தான் வழக்கமாக முதலில் கழிப்பார்கள். கேட்டில் இருக்கும் ஊழியரிடம் கத்திப் பயனில்லை, அதிகமாக விற்றது அவர் இல்லை. மறுப்பையும் காரணத்தையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், அது அவரால் முடியும்.

இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது: உங்களை 'வராதவர்' என்று கணினியில் பதிந்துவிட்டால், அதே டிக்கெட்டில் உள்ள திரும்பும் பயணமும் பல நேரம் தானாக ரத்தாகிவிடும். இந்த டிக்கெட்டில் திரும்பும் பயணம் பாக்கியிருந்தால், அது உயிரோடு இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.