வெற்றிலையும் விறைப்பு மாத்திரையும்

கேள்வி: ஐயா, என் அண்ணனுக்கு ஹலோபெரிடால் மாத்திரை கொடுக்கிறோம். காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் கை கால் விறைத்து, மரப்பொம்மை மாதிரி நடக்கிறார். விறைப்புக்கு டிரைஹெக்சிஃபெனிடில் கொடுத்தும் சரியாகவில்லை. மருந்து மூளையில் ஒட்டிக்கொண்டால் போகாது, நரம்பு செத்துவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடலாமா? மற்றபடி கெட்ட பழக்கம் இல்லை, நாள் முழுக்க வெற்றிலை போடுவார், அவ்வளவுதான். - ஒரு வாசகி, பெகு

பதில்: அம்மா, நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் அந்தக் குரல்கள் திரும்பி வரலாம்.

மருந்து அங்கேயே ஒட்டிக்கொள்வதில்லை. நரம்பணுவின் மேல், மூளையில் சேதி கொண்டுபோகும் டோபமின் என்ற ரசாயனம் வந்து உட்கார டி2 என்று ஓர் ஏற்பி இருக்கிறது. நம் ரங்கூன் டீக்கடை முக்காலி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டோபமின் உட்கார்ந்தால் உள்ளே ஆர்டர் போகும். ஹலோபெரிடால் ஒன்றும் கேட்காமல் இடத்தை அடைத்துக்கொள்ளும் ஆள். எழுந்து போகத்தான் போகிறது, ஆனால் மெதுவாக. குளோசபின் என்று இதே வகையில் இன்னொரு மருந்து, அது சட்டென்று எழுந்துவிடும். அதில் விறைப்பு குறைவாக இருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். (அதில் வேறு வம்பு: அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும்.)

ஸ்கேன் செய்து பார்த்ததில், டி2 ஏற்பிகளில் சுமார் 65 சதவீதம் அடைபட்டால் குணம் தெரிகிறது. 80-ஐ நெருங்கினால் விறைப்பு வருகிறது. இடைவெளி அவ்வளவுதான். உடம்பை அசைக்கும் பகுதியிலும் இதே டி2 இருப்பதால் மருந்துக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. டாக்டர் அளவைக் கொஞ்சம் குறைத்தாலே நடை சரியாகலாம்.

இனி, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வெற்றிலை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. மருந்துக்கடையில் நின்ற காலத்தில், வாய் சிவக்க வந்து விறைப்பு மாத்திரை கேட்டவர்கள் எத்தனையோ பேர். கூன்யா (பர்மியில் வெற்றிலைப் பாக்குதான்) போடுவீர்களா என்று யாரும் அவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள். டோபமின் அடைபட்டதும் அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு மூளை ரசாயனத்தின் கை ஓங்குகிறது. அதன் ஏற்பிகளை அடைக்கத்தான் டிரைஹெக்சிஃபெனிடில். பாக்கிலுள்ள அரிகோலினோ அதே ஏற்பிகளைத் தூண்டிவிடுகிறது. ஒரு கையால் அணைப்பதை மறு கையால் ஏற்றினால் எப்படி? இவ்வகை மருந்து எடுத்துக்கொண்டு வெற்றிலையும் அதிகம் போட்டவர்களுக்கு விறைப்பு கடுமையானதையும், வெற்றிலையை விட்டதும் குறைந்ததையும் 1989-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், குரல் கேட்கும் இந்த மாதிரி நோய்க்கு 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சானோமெலின் என்ற புது மருந்து டி2 பக்கமே போகாமல், அசிட்டைல்கோலின் ஏற்பிகளில் சிலவற்றை மட்டும் தூண்டி வேலை செய்கிறது. அதன் பூர்வீகம் அரிகோலின்தான்! அதற்காகப் பாக்கை மருந்தாக்கிவிடாதீர்கள், வாய்ப்புற்றுநோய் காத்திருக்கிறது.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அண்ணன் ஒரு நாளைக்கு எத்தனை வெற்றிலை போடுகிறார் என்று எண்ணிச் சொல்லுங்கள். விறைப்போடு கடும் காய்ச்சலும் மனக்குழப்பமும் சேர்ந்து வந்தால் மட்டும் அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.