தளர்த்திய தந்திகள் – கடிதம்

வணக்கம் ஐயா,

வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இரவில் சரியாகத் தூக்கம் வருவதில்லை. மகன் போனில் ஒன்று போட்டுக் கொடுத்தான். பாட்டு இல்லை, வெறும் கிட்டார். எட்டு மணி நேரம் ஓடும். நான் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறேன். என் மனைவி வீணை வாசிப்பவர். "இதெல்லாம் சங்கீதமா? பல் டாக்டர் கிளினிக்கில் போடுகிற சத்தம்" என்கிறார். தூங்க வைக்கிற இசை என்றாலே மட்டம்தானா? இந்த வகையில் விழித்து உட்கார்ந்து கேட்கும்படி ஏதாவது இருக்கிறதா? இன்னொன்று, மகனுடைய பழைய கிட்டார் பரணில் கிடக்கிறது. இந்த வயதில் அதைத் தொட்டுப் பார்க்கலாமா?

எஸ்.வி., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.வி.,

உங்கள் மனைவியின் கட்சியில்தான் பாதி இருக்கிறேன். அந்த எட்டு மணி நேரச் சமாச்சாரங்கள் சிலவற்றை நானும் கேட்டிருக்கிறேன். நாலு கார்டுகள் (சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டங்கள்) சுற்றிச் சுற்றி வரும், பின்னால் மழைச் சத்தம், மேலே ஏகப்பட்ட எதிரொலி. வாசிப்பவரின் விரல் தந்தியில் உரசும் சத்தம்கூட வராதபடி துடைத்து வைத்திருப்பார்கள். வாசித்தது ஆளா இயந்திரமா என்றே தெரியாது. உங்களுக்குத் தூக்கம் வருகிறது என்றால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் அதைச் சங்கீதம் என்று வீட்டில் வாதாடி ஜெயிக்க முடியாது.

மற்ற பாதியில் அவரோடு எனக்குச் சண்டை. தூக்கம் வரவழைப்பதாலேயே ஓர் இசை மட்டமாகிவிடும் என்றால், நீலாம்பரியை என்ன செய்வது? தாலாட்டுக்கு உரிய ராகம் என்று பெயர் வாங்கியது அது. கச்சேரி மேடையிலும் பாடத்தானே செய்கிறார்கள்?

விழித்திருந்து கேட்க ஒன்று சொல்கிறேன். ஹவாய்த் தீவுகளின் 'ஸ்லாக் கீ' கிட்டார். ஹவாயன் கிட்டார் என்றதும் நம் ஊரில் மடியில் படுக்கப் போட்டு இரும்புத் துண்டால் இழைப்பதுதான் நினைவுக்கு வரும். அது வேறு, பின்னால் வந்தது. இது சாதாரண கிட்டார், சாதாரணமாகப் பிடித்து, விரல்களால் மீட்டுவது. தந்திகளைத் தளர்த்தி வேறு சுருதிக்குக் கொண்டுவந்திருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இது அங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் மாடுகள். 1793இல் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஹவாய் அரசர் கமேஹமேஹாவுக்கு மாடுகளைப் பரிசாகக் கொண்டுவந்தார். அரசர் அவற்றைக் கொல்லக்கூடாது என்று தடை போட்டார். மாடுகள் பெருகிக் காட்டு மாடுகளாகி வயல்களை அழிக்க ஆரம்பித்தன. 1830களில் மூன்றாம் கமேஹமேஹா, அப்போது மெக்சிகோவின் கையில் இருந்த கலிபோர்னியாவில் இருந்து, குதிரையில் போய் மாடு மடக்கத் தெரிந்தவர்களை வரவழைத்தார். அவர்களோடு கிட்டாரும் வந்தது. ஹவாய்க்காரர்கள் கருவியை எடுத்துக்கொண்டார்கள், சுருதியைத் தங்கள் குரலுக்கும் பாட்டுக்கும் தோதாக மாற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சுருதி, அதுவும் ரகசியம். வாசித்து முடித்ததும் தந்தியைக் கலைத்து வைத்துவிடுவார்களாம், அடுத்த வீட்டுக்காரன் பார்த்துவிடக் கூடாதென்று. நம் ஊர் வித்வான்களில் சிலருக்கு இது புதிதாகத் தோன்றாது.

இனி வரும் பத்தியை உங்கள் மனைவியிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

ஹவாயில் அதிகம் புழங்கும் சுருதிக்கு டாரோ பேட்ச் என்று பெயர். தடித்த தந்தியில் இருந்து மெல்லிய தந்தி வரை, மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில், டி, ஜி, டி, ஜி, பி, டி. ஜியை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் இது ப, ஸ, ப, ஸ, க, ப. வீணையின் நாலு வாசிப்புத் தந்திகளில் தடித்ததான அனுமந்தரத்தில் தொடங்கி மந்தரம், பஞ்சமம், சாரணி என்று வாருங்கள். ப, ஸ, ப, ஸ. கிட்டாரின் தடித்த நாலு தந்திகளும் இடைவெளி உட்பட அதேதான். மேலே ஓர் அந்தர காந்தாரமும் ஒரு பஞ்சமமும் கொசுறு. யாரும் யாரையும் பார்த்துச் செய்ததல்ல. ஸட்ஜமும் பஞ்சமமும் ஓயாமல் ஒலிக்க வேண்டும் என்று நினைக்கிற எவரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள் போல.

அந்த அமைதி எங்கிருந்து வருகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. கட்டைவிரல் தடித்த தந்திகளில் மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும். மற்ற விரல்கள் மெட்டைச் சொல்லும், சில இடங்களில் வேண்டுமென்றே ஒரு மயிரிழை பிந்தி. இடது கையை எடுத்துவிட்டாலும் வெறும் தந்திகளே சுருதியோடு ஒலிக்கும் என்பதால் எந்த இடத்திலும் அவசரம் இல்லை. அப்புறம் தந்தியின் தளர்வு. ஒரு தந்தியை ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் அதன் இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். மீட்டும்போது கணீரென்று அடிக்காமல் சற்று மெத்தென்று விழும்.

வாஹினே என்றொரு சுருதி வகையும் உண்டு. மேலே சொன்னதில் மெல்லிய பக்கத்தில் இருந்து மூன்றாவது தந்தியை மட்டும் அரை ஸ்வரம் இறக்கிவிடுவார்கள், ஸட்ஜம் காகலி நிஷாதமாகிவிடும். வெறும் தந்தியில் நிஷாதத்தை மீட்டி, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கிட்டார் கழுத்தின் முதல் மெட்டுக்கட்டையில் (ஃப்ரெட்) விரலைப் பட்டென்று வைத்து ஸட்ஜத்துக்குப் போவார்கள். மீட்டல் ஒன்று, ஸ்வரம் இரண்டு. அந்த நிஷாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் வாசிப்பவரின் கை தெரியும். உங்கள் எட்டு மணி நேரத்தில் இப்படி ஒரு நிஷாதத்தை யாராவது காட்டினால் நான் என் கட்சியை மாற்றிக்கொள்கிறேன்.

யாரைக் கேட்பது? முதலில் கபி பஹினுவி (1921–1980). ஹோனலூலுவில் சாலை போடும் வேலை பார்த்தவர். வைமனாலோவில் அவர் வீட்டுப் பின்கட்டில் வார இறுதி முழுக்க வாசிப்பு நடக்கும், வருகிறவர்கள் எல்லாம் உட்கார்ந்து சேர்ந்துகொள்வார்கள். 1940களில் அவர் கொடுத்த இசைத்தட்டுகள்தான் இந்தக் கிட்டாரை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்தன. அவர் பாடவும் செய்வார், அதனால் வெறும் கிட்டார் வேண்டுமென்றால் ரே கானே பாடாமல் வாசித்தவற்றைத் தேடுங்கள். சிறுவனாக இருந்தபோது மீன் பிடித்துக் கொடுத்து, பதிலுக்குக் கிட்டார் கற்றுக்கொண்டவர். 1987இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது பெற்றார். இவ்வளவு குறைவான ஸ்வரங்களை வைத்துக்கொண்டு இவ்வளவு நிதானமாக வாசிக்க ஒரு துணிச்சல் வேண்டும். மூன்றாவதாக கியோலா பீமர். 1973இல் ஸ்லாக் கீ வாசிப்பைக் கற்றுத்தரும் புத்தகத்தை எழுதி, குடும்ப ரகசியங்களைப் போட்டு உடைத்தவர்களில் ஒருவர்.

1990களில் ஸ்லாக் கீ கலைஞர்கள் பலரைத் தனித்தனியாக உட்கார வைத்துப் பதிவு செய்தவர் ஜார்ஜ் வின்ஸ்டன் என்ற பியானோ கலைஞர். அவருடைய டான்சிங் கேட் நிறுவனத்தின் வெளியீடுகளில் இருந்து தொடங்குவது நல்லது. ஒலிப்பதிவு அவ்வளவு சுத்தம், ஆனாலும் விரல் நகர்வது கேட்கும்.

நம் பக்கத்துக்கும் ஒரு நூல் ஓடுகிறது. 1970களில் கபியோடு உட்கார்ந்து வாசித்த அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடர், பிறகு நம் மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டோடு சேர்ந்து வாசித்த தொகுப்புக்குத்தான் 1994இல் கிராமி விருது கிடைத்தது. அதையும் கேளுங்கள்.

கேட்கும்போது போனின் ஸ்பீக்கர் வேண்டாம். கட்டைவிரல் வாசிப்பதில் பெரும்பகுதி அதில் விழாது, பாதி சங்கீதம் போய்விடும். சுமாரான ஹெட்போன் போதும். ஒரு பாட்டு மூன்று நாலு நிமிடம்தான். முதல் தடவை கட்டைவிரலை மட்டும் தொடர்ந்து போங்கள், மறுபடி போட்டு மெட்டைக் கேளுங்கள்.

பரணில் இருக்கும் கிட்டாரை இறக்குங்கள். பழைய தந்தி துருப்பிடித்திருக்கும், முதலில் புதுசு மாற்றுங்கள். வழக்கமான சுருதியில் இருந்து டாரோ பேட்சுக்கு வர மூன்று தந்திகளைத் தளர்த்தினால் போதும்: ஆறாவது, ஐந்தாவது, முதலாவது (மெல்லியதுதான் முதலாவது). ஒவ்வொன்றும் ஒரு முழு ஸ்வரம் கீழே. எதையும் முறுக்கி ஏற்ற வேண்டியதில்லை, ஆகவே தந்தி அறுமோ என்ற பயமும் இல்லை. போனில் டியூனர் செயலிகள் கிடைக்கின்றன, ஆனால் உங்கள் வீட்டில் அது எதற்கு? ப ஸ ப ஸ க ப என்று சொல்லி மனைவியின் கையில் கொடுத்துவிடுங்கள், காதாலேயே சேர்த்துவிடுவார். புதுத் தந்தி இரண்டு மூன்று நாள் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் வாசிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

அன்புடன்.