முதுமக்கள் தாழி: உயிரோடு வைத்தார்களா?

கேள்வி: முதுமையில் தளர்ந்தவர்களை உயிரோடு தாழி எனும் பெரிய மண்பானைக்குள் அமர்த்தி மூடிவிடுவார்கள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். உண்மையா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: பல ஊர்களில் உலவும் கதைதான், ஆதாரம் கிடையாது. 'முதுமக்கள்' என்பதை முதியவர்கள் என்று எடுத்துக்கொண்டதில் விளைந்த குழப்பம் என்றே தோன்றுகிறது. இங்கே அது முன்னோரைக் குறிக்கும். தாமிரபரணிக் கரையில், 114 ஏக்கர் பரந்த ஆதிச்சநல்லூர் எனும் பழங்கால இடுகாட்டு மேட்டில், சில தாழிகளில் முழு உடலும், வேறு சிலவற்றில் சதை அழிந்தபின் பொறுக்கியெடுத்த எலும்புகளும் இடப்பட்டிருந்தன. உயிரோடு இருந்தவருடைய எலும்பை எப்படிப் பொறுக்குவது? 1876இல் ஜெர்மானியரான ஜாகோரும், பின்னர் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீயும் அங்கே அகழ்ந்தார்கள். ரீ கண்டெடுத்தவற்றுள் இரு முனைகளிலும் துளையிட்டு நெற்றியில் கட்டும் மெல்லிய பொன் தகடுகளும், இரும்பு வாள்களும், நெல் உமியும் இருந்தன.

புறநானூற்றின் 256ஆம் பாடலில், வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைப் பற்றிக்கொண்டே வரும் சிறு வெண்பல்லியைப் போலத் தன் துணைவனோடு பாலை வழிகளைக் கடந்து வந்த ஒருத்தி, தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனையுமாறு குயவரிடம் வேண்டுகிறாள். அவள் கேட்பது, இறந்துவிட்ட அவனுக்கான ஈமத்தாழியில் ஓர் இடம்.